சுற்றறிக்கை இலக்கணமும் உரை வேறுபாடுகளும்

சுற்றறிக்கை என்பது ஓர் அரசுத் துறையின் மேலிடம், தன் கீழுள்ள எல்லா அலுவலகங்களுக்கும் ஒரே வாசகத்தில் ஒரு கொள்கையைத் தெரிவிக்கும் தாள். சட்டமன்றம் இயற்றுவது சட்டம். சட்டத்தின்கீழ் அரசு வகுப்பது விதி. விதி வாய்மூடிய இடத்தில் வாய்திறப்பது சுற்றறிக்கை. அது விதியின் இடைவெளியை நிரப்பலாம், விதியைத் திருத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1967-ல் சந்த் ராம் சர்மா வழக்கில் எல்லை கட்டியது. வரித் துறைச் சுற்றறிக்கை அத்துறை அதிகாரிகளைக் கட்டுமேயன்றி நீதிமன்றத்தைக் கட்டாது என்பது 2008-ல் ரத்தன் மெல்டிங் வழக்கில் தெளிவானது. ஆக, சுற்றறிக்கை கட்டுவது பெற்றவரை மட்டுமே. பெற்றவர் யார் என்பதில்தான் உரையாசிரியர்கள் வேறுபடுகிறார்கள். தபால் பிரிவில் வாங்கி முத்திரை குத்தியவரே பெற்றவர் என்பர் ஒருசாரார். ஓரத்தில் சுருக்கொப்பம் இட்ட அனைவரும் பெற்றவரே என்பர் மற்றொருசாரார். படித்தவரே பெற்றவர் என்னும் மூன்றாம் கொள்கைக்கு ஆதரவாளர் இலர். அது ஏடெழுதியோர் பிழை என ஒதுக்கப்பட்டுவிட்டது.

இத்துறை ஆய்வுக்கு மைசூரு தலைநகராக அமைந்தது தற்செயலன்று. 1891-ல் அங்கே நிறுவப்பட்ட அரசு கீழ்த்திசை நூலகத்துக்குத் தஞ்சாவூர் மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த சுவடிக்கட்டில்தான் கௌடலீயரின் அர்த்தசாஸ்திரம் இருந்தது. அதை 1905-ல் அடையாளம் கண்ட ஆர். சாம சாஸ்திரி 1909-ல் மூலத்தையும் 1915-ல் ஆங்கில மொழிபெயர்ப்பையும் வெளியிட்டார். உலகம் உடனே ஒற்றர், நஞ்சு, படையெடுப்பு ஆகிய பகுதிகளைப் படித்து வியந்தது. இரண்டாம் அதிகரணத்தின் பத்தாம் அத்தியாயம் அரசாணை எழுதும் முறையைச் சொல்கிறது. அதைப் படிக்க வேண்டியவர்கள் பேருந்து பிடித்துப் போகும் தொலைவிலேயே அது இன்றும் இருக்கிறது.

அந்த அத்தியாயம் ஆணைக்கு ஆறு குணம் சொல்லும்: பொருள்வரிசை, இயைபு, நிறைவு, இனிமை, மேன்மை, தெளிவு. குற்றம் ஐந்து: அழகின்மை, முரண், கூறியது கூறல், சொற்பிழை, தடுமாற்றம். ஆணை எட்டு வகைப்படும். எட்டாவதான ‘சர்வத்ரகம்’, வழிச்செல்வோரைக் காக்கும்படி அதிகாரிகள் எல்லோருக்கும் எங்கும் அனுப்பப்படுவது. அதாவது இன்றைய சுற்றறிக்கை. மூலநூலின் காலம் எது, ஆசிரியர் ஒருவரா பலரா என்று அறிஞர்கள் ஒரு நூற்றாண்டாக வழக்காடுகிறார்கள். 1971-ல் தாமஸ் டிரவுட்மன் சொற்கள் வரும் வீதத்தை எண்ணிப் பார்த்து, பல கை என்று முடிவுகட்டினார். எண்ணாமலே அது விளங்கியிருக்கும். இரண்டு மேலதிகாரிகள் திருத்திய வரைவைத் தட்டச்சு செய்த எவரையும் கேட்டிருந்தால் போதும்.

இடைக்கால வரலாறு சுருக்கமானது. மைசூர் மன்னர் சிக்க தேவராஜர் (1673–1704) ஆட்சியைப் பதினெட்டுக் கச்சேரிகளாகப் பிரித்தார். பதினெட்டு ஏற்பட்ட கணமே ஒவ்வொன்றுக்கும் பதினேழு நகல் தேவைப்பட்டது. இது கணக்கு, சான்று வேண்டாம்.

சோழநாட்டு நிலை இன்னும் விரிவானது. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலத்தை அளித்த முதலாம் ராஜராஜனின் 21-ஆம் ஆட்சியாண்டு ஆணை, மன்னன் வாய்மொழியாகப் பிறந்து, ஓலையில் ஏறி, ஓலைநாயகங்களின் ஒப்பம் பெற்று, வரிக்கணக்கில் பதிவாகி, நாட்டார் எல்லை நடந்து காட்டிய பிறகே ஊருக்கு உரியதாயிற்று. அதை நிலைநிறுத்திச் செப்பேட்டில் வெட்டுவித்தவன் மகன் ராஜேந்திரன். வரலாற்றாசிரியர்கள் இதைத் தந்தைசொல் காத்த பண்பு என்பர். அலுவலகவியலார் இதை ‘நிலுவை முடித்தல்’ என்று வகைப்படுத்துவர். பிந்தையோர் கருத்தே பொருத்தம்.

இனி வகை. மத்திய அரசின் அலுவலக நடைமுறைக் கையேடு கடிதம், குறிப்பாணை, ஆணை, அறிவிக்கை, தீர்மானம், மேலெழுத்து எனப் பலவற்றை வரையறுக்கிறது. கடிதம் எளிது. அறிவிக்கை அரசிதழில் வரும், ஆகவே பாதுகாப்பானது. நேர்முகக் கடிதம் என்பது மற்ற எதற்கும் பதில் வராதபோது ‘அன்புள்ள’ என்று தொடங்கிக் கடிந்துகொள்வது. குறிப்பாணை மட்டும் தத்துவச் சிக்கல் உடையது. அது படர்க்கையிலேயே எழுதப்பட வேண்டும்: ‘கீழே ஒப்பமிட்டுள்ளவர் இதைத் தெரிவிக்குமாறு பணிக்கப்பட்டுள்ளார்.’ யாரால் பணிக்கப்பட்டார் என்பது சொல்லப்படுவதில்லை. கர்நாடகத்தின் அரசாணைகள் இந்தக் குறையை நீக்கி, ஆளுநரின் ஆணைப்படியும் அவர் பெயராலும் என்று முடிகின்றன. அரசியலமைப்பின் 166-ஆவது உறுப்பு அப்படிக் கேட்கிறது. கழிப்பறைத் துப்புரவு ஒப்பந்த நீட்டிப்பு வரை ஆளுநர் பெயரால் நடப்பதன் மாண்பு இங்கே விரிக்கப்படாது.

எல்லா வகைக்கும் மேலானது, ஆய்வாளரின் வாழ்நாளை விழுங்கக்கூடியது, வலியுறுத்தல் சுற்றறிக்கை. ‘பார்வை 1-ல் காணும் சுற்றறிக்கையில் தெரிவித்த அறிவுரைகள் தவறாது பின்பற்றப்பட வேண்டும்’ என்பதே அதன் முழு உடல். அறிவுரை என்ன என்று அது சொல்லாது. பார்வை 1-ஐத் தேடி எடுத்தால், அதுவும் தனக்கு முந்தையதை வலியுறுத்தியிருக்கும். கௌடலீயர் கூறியது கூறலைக் குற்றம் என்றார். இங்கே கூறாததே மீண்டும் கூறப்படுவதால் அந்தக் குற்றம் பொருந்தாது என நவீனர் விலக்களிக்கின்றனர்.

அறையைவிட்டுப் போகும்போது மின்விசிறியை நிறுத்துவது பொருள் என்று கொள்வோம். முதல் தலைமுறையில் அது ‘கேட்டுக்கொள்ளப்படுகிறது’. இரண்டாவதில் ‘அறிவுறுத்தப்படுகிறது’. மூன்றாவதில் ‘மீண்டும் வலியுறுத்தப்படுகிறது’. நான்காவதில் தவறுவோர் செயல் ‘மிகக் கடுமையாக நோக்கப்படும்’. ஐந்தாவதில் எதிர்பாராமல் ‘கேட்டுக்கொள்ளப்படுகிறது’ என்று திரும்பும். அங்கே மொழிநடை தேய்ந்துவிட்டதாக அவசர ஆய்வாளர் எழுதிவிடுவார். உண்மையில் நடந்தது அதிகாரியின் இடமாற்றம். சுற்றறிக்கைகளின் கால வரிசையை வினைமுற்றைக் கொண்டே நிறுவலாம் என்பது இதிலிருந்து கிடைத்த முறையியல். மண்பாண்டத்தின் ஓட்டை வைத்துக் காலம் சொல்வோர் இதைக் கேலி செய்ய இடமில்லை.

முதல் அறிக்கை என ஒன்று இருந்ததா? ஆதிவாதிகள், இருந்தது, தொலைந்தது என்பர். அநாதிவாதிகள், சுற்றறிக்கை மீமாம்சகர் வேதத்தைச் சொல்வதுபோல் ஆசிரியரற்றது, என்றும் உள்ளது என்பர். ஒப்பம் எப்போதும் ‘இயக்குநருக்காக’ என்று வேறொருவரால் இடப்படுவதைக் காரணம் காட்டுவர். அவர்களின் தலையாய சான்று, இரண்டாம் மாடிப் பதிவறையில், கதவு திறக்காத மூன்றாம் பீரோவுக்கு முன்னுள்ள மேசையின் ஆட்டத்தை நிறுத்த நான்காக மடித்துச் செருகிய தாளின் உட்புறம், வேறொரு பயணப்படி விவகாரத்தின் குறிப்போரத்தில், பென்சிலால் எழுதி ரப்பரால் அழித்தும் மாலை வெயிலில் சாய்த்துப் பிடித்தால் தெரிகிற ‘முந்தையதைக் காண்க’ என்னும் வரி. ஆதிவாதிகள் அதை இடைச்செருகல் என்கின்றனர்; பென்சிலின் கருமை அடுத்த நிதியாண்டுக் கொள்முதலைச் சேர்ந்தது, மேலும் அந்த மேசையே கழிவுப் பட்டியலில் உள்ளதால் சட்டப்படி அது அங்கே இல்லை. தாளை எடுத்துப் பார்க்கலாம் என்ற யோசனையை இரு தரப்பும் ஒருமனதாக மறுத்தன. மேசை சாய்ந்துவிடும்.

மைசூருவிலேயே மாற்றுமுறை ஒன்று உண்டு. இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு உதகமண்டலத்திலிருந்து 1966-ல் அங்கே வந்தது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆணைகளின் மைப்படிகள் அங்கே எண்ணிட்டு அடுக்கப்பட்டன. தமிழ்க் கல்வெட்டுகளின் படிகளைச் சென்னைக்கு மாற்றும்படி 2021-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. கல்வெட்டறிஞர் எழுத்து சிதைந்த இடத்தில் புள்ளியிட்டு, அடைப்புக்குறிக்குள் தம் ஊகத்தை எழுதிப் பேராசிரியராகிறார். அதையே தமிழ்நாட்டில் ஓர் எழுத்தர் சுற்றறிக்கை நகலில் செய்தால் 17(பி) குற்றச்சாட்டுக் குறிப்பாணை பெறுகிறார்.

பரவுதல் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ‘அவசரம்’, ‘மிக அவசரம்’ என்னும் வில்லைகள் உண்டு. எல்லாவற்றிலும் ஒட்டப்படுவதால் ஒட்டாதது உடனே கவனிக்கப்படுகிறது. மின்னலுவலகம் வந்தபின் தாள் திரைக்குப் போயிற்று. திரையில் வந்ததை அச்சிட்டு, கோப்பில் வைத்து, அதைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் இட்டு, ‘நோட்டட் சார்’ என்ற பதில்களைப் பெறுவதே இப்போதைய வழக்கு.

தொகுத்தல் பற்றியும் கையேடு தெளிவாகவே சொல்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு ‘ஸ்டாண்டிங் கார்ட் ஃபைல்’ இருக்க வேண்டும். அதில் கொள்கைச் சுருக்கமும் அதற்கு ஆதாரமான ஆணைகளின் நகல்களும் இருக்க வேண்டும். 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவும் தன்னிடமுள்ள விதி, அறிவுரை, கையேடுகளை ஒவ்வொரு பொது அமைப்பும் தானே வெளியிட வேண்டும் என்கிறது. இவ்விரண்டையும் பின்பற்றும்படி வலியுறுத்தும் சுற்றறிக்கைகள் மேற்சொன்ன ஐந்து தலைமுறைக்குள் அடங்கும்.

அழித்தலோடு இலக்கணம் முடிகிறது. மத்திய அரசுப் பதிவேடுகள் மூவகை: ‘ஏ’ நிரந்தரமாக வைத்து நுண்படமும் எடுக்க வேண்டியது; ‘பி’ படமெடுக்காமல் வைப்பது; ‘சி’ அதிகம் போனால் பத்தாண்டு வைத்து அழிப்பது. மின்விசிறி பற்றிய மூல அறிக்கை அன்றாட நிர்வாகம் என்பதால் ‘சி’யில் போய் உரிய காலத்தில் எரிக்கப்படும். அதை வலியுறுத்தியது கொள்கை என்பதால் ‘ஏ’யில் ஏறும். அதன் பார்வை 1 எங்கே என்று தணிக்கையாளர் எழுதிக் கேட்டால், கேள்வி எல்லாப் பிரிவுகளுக்கும் சுற்றுக்கு விடப்படும்.