பிள்ளையார் தொந்தியில் டியூப்லைட்

விருத்தாசலம் பீங்கான் பொம்மையை இணையத்தில் விற்கிறேன் என்று கிளம்பினால், நல்லூர் வீட்டுக் கூடமும் ஸ்டுடியோதான். கதாநாயகர் மூன்றங்குலப் பிள்ளையார். சூளையில் 1000 டிகிரிக்கு மேல் வெந்து ஏறிய மெருகு. ஃப்ளாஷ் போட்டால் தொந்தியில் டியூப்லைட், மின்விசிறி, கைலி கட்டிய ஒளிப்பதிவாளர் எல்லாரும் தெரிகிறார்கள். பிள்ளையாரைத்தான் காணோம். ஜன்னலில் வெள்ளை வேட்டியைக் கட்டி வெயிலை வடிகட்டினால் போதும். அதற்கு வேட்டி வெள்ளையாக இருக்க வேண்டுமே! அளவு தெரியப் பக்கத்தில் பத்து ரூபாய் நாணயம் வைக்கலாம். விட்டம் 27 மில்லிமீட்டர். யாரும் வைப்பதில்லை. வைத்தால் கோயில் சிலை கொலுப் பொம்மையாகிவிடும். தந்தம் உடைந்திருந்தால் கவலையில்லை, புராணமே சாட்சி. மூஞ்சூறின் வால் உடைந்ததற்குப் புராணம் இல்லாததால், அந்த இடத்தில் ஒரு செம்பருத்திப் பூ.