வானொளிக்கு மூலகாரணம் மின்வெட்டே: ஒரு நிறுவல்

ஊர்ப்புறத்து இரவு வானில் திடீரென்று தோன்றி, இன்னதென்று யாருக்கும் விளங்காமல் மறைந்துபோகும் ஒளியைப் பற்றி இதுவரை ஆராய்ந்தவர்கள் எல்லாருமே ஒளியைத்தான் ஆராய்ந்தார்கள். பிசகு அங்கேதான். வெள்ளிக் கோள் என்கிறார் ஒருவர். விண்வெளி நிலையம் என்கிறார் இன்னொருவர். ஸ்டார்லிங்க் வரிசை, விமானம், வேற்றுலகத்தார் என்று விடைகள் நீள்கின்றன. கடைசியைத் தவிர மற்றவை நம் தலைக்கு மேலே போய்வந்துகொண்டுதான் இருக்கின்றன. விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது. ஸ்டார்லிங்கின் முதல் 60 செயற்கைக்கோள்கள் 2019 மே மாதமே ஏறிவிட்டன. வெள்ளியின் வயதைச் சொல்ல வேண்டியதில்லை. என்றும் இருக்கும் ஒன்று, என்றோ ஒருநாள் நடப்பதற்குக் காரணமாக முடியாது என்பது தருக்கத்தின் பாலபாடம். அப்படியானால் ஒளி தென்பட்ட இரவில், மற்ற இரவுகளில் இல்லாத எது கூடுதலாக இருந்தது? சாட்சியின் வாக்குமூலத்தை முதலிலிருந்து கேட்டால் விடை அங்கேயே கிடக்கிறது: "அன்னைக்கு ராத்திரி கரண்ட் இல்ல. காத்தாட வெளிய வந்து நின்னேன்..." மற்ற ஆய்வாளர்கள் இந்த வரியைத் தாண்டிப்போய் ஒளியின் நிறத்தையும் வேகத்தையும் குறித்துக்கொண்டார்கள். இக்கட்டுரை அந்த முதல் வரியை விட்டு நகர்வதாக இல்லை.

மின்விசிறி நின்றதும் வீட்டிலிருப்பவர் முதலில் செய்வது மெழுகுவத்தி தேடுவதல்ல. வாசலுக்கு வந்து, போனது நமக்கு மட்டுமா, தெருவுக்கேவா என்று பார்ப்பதுதான். நமக்கு மட்டும் என்றால் துயரம். தெருவுக்கே என்றால் ஒரு நிம்மதி. பார்வை முதலில் எதிர்வீட்டு ஜன்னலுக்குப் போகிறது. எதிர்வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கலாம் என்பதால் அதை முழுதாக நம்ப முடியாது. ஆகவே மின்கம்பத்தின் உச்சிக்கு ஏறுகிறது. தெருவிளக்கு அணைந்திருக்கிறதா, அல்லது போன மாதமே ஃபியூஸ் போனதா என்று நினைவுபடுத்திக்கொள்ளக் கண் அங்கே சில நொடிகள் தங்கியாக வேண்டும். இப்போது முகம் நன்றாக அண்ணாந்திருக்கிறது. கம்பத்துக்குப் பின்னால் இருப்பதோ வானம் ஒன்றுதான். பிறைக்கும் கிரகணத்துக்கும் அண்ணாந்து பார்ப்பதை விதிவிலக்காக ஒதுக்கிவிட்டால், நம் குடிமக்கள் சொந்த விருப்பத்தில் வானத்தைப் பார்க்கும் வழக்கமே கிடையாது. மின்வாரியம்தான் தாடையைப் பிடித்துத் தூக்கிவிடுகிறது. இந்தத் தொண்டுக்கு அது ஒரு யூனிட்டும் கணக்கெழுதுவதில்லை.

ஒளி ஏன் அசைகிறது என்பது அடுத்த கேள்வி. கும்மிருட்டில் ஒற்றைப் புள்ளி வெளிச்சத்தை உற்றுப் பார்த்தால், அது அசையாமல் இருந்தாலும் ஊர்வதுபோலத் தோன்றும். ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் கூரையோ கம்பமோ கண்ணுக்குப் படாததே காரணம். முசாஃபர் ஷெரீஃப் என்ற உளவியலாளர் இதை வைத்துச் செய்த சோதனையை 1935-இல் வெளியிட்டார். இருட்டறையில் ஆட்களை உட்காரவைத்து, நகராத ஒளிப்புள்ளியைக் காட்டி, அது எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று கேட்டார். தனித்தனியே கேட்டபோது ஆளுக்கொரு அளவு சொன்னார்கள். இரண்டு மூன்று பேரைச் சேர்த்து உட்காரவைத்ததும் அளவுகள் ஒன்றையொன்று நெருங்கி வந்தன. பிறகு தனியே கேட்டாலும் கூட்டத்தில் சொன்ன அளவைவிட்டு இறங்கவில்லை. ஷெரீஃபுக்கு இதற்காக ஒரு ஆய்வுக்கூடம் தேவைப்பட்டது. நம் ஊரில் டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு 'டப்' சத்தம் கேட்டால் போதும், இருட்டறையும் ஆட்களும் ஒரே நேரத்தில் தயார். "என்னண்ணே, அது நகருற மாதிரி இல்ல?" என்று ஒரு தம்பி கேட்கிறான். அண்ணன் நல்லவர், தம்பியின் மனம் கோணப் பேசமாட்டார். "ஆமாப்பா, இப்பதான் தென்ன மரத்துக்கு அந்தாண்ட போச்சு" என்கிறார். மூன்றாவதாக வந்து சேரும் பெரியம்மா, அது திரும்பி வந்ததையும் பார்த்துவிடுகிறார்.

ஒளி மறையும் நேரமும் நம் கருதுகோளுக்கே சாதகம். "பார்த்துக்கிட்டே இருந்தோம், சட்டுன்னு காணோம்" என்பது எல்லா வாக்குமூலத்திலும் உள்ள முடிவு. முன்னிரவில் விண்வெளி நிலையம் பூமியின் நிழலுக்குள் நுழைந்து நடுவானிலேயே அணைந்துபோவதுண்டு என்பது உண்மைதான். ஆனால் அதைவிட எளிய காரணம் கரண்ட் வந்துவிட்டது. தெருவே "வந்துருச்சு" என்று ஒரே குரலில் சொல்லி உள்ளே போன பிறகு வானில் என்ன நடந்தது என்பதற்குச் சாட்சியே கிடையாது. இன்வெர்ட்டர் வைத்திருக்கும் வீட்டார் யாரும் இவ்வகை ஒளியைப் பார்த்ததாகச் சொல்லிக் கேட்டதுண்டா?

இதெல்லாம் பட்டிக்காட்டு விவகாரம் என்று சொல்வோர் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக்குப் போகட்டும். 1994 ஜனவரி 17 அதிகாலை நிலநடுக்கம் வந்து நகரம் இருண்டது. வெளியே ஓடிவந்தவர்களில் சிலர் கிரிஃபித் வானாய்வகத்துக்குத் தொலைபேசி போட்டு, வானம் ஏன் இப்படி விநோதமாக இருக்கிறது என்று விசாரித்தார்கள். அங்கிருந்தவர்களுக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் விளங்கியது: கேட்டவர்கள் பார்த்தது நட்சத்திரங்களை. நிலம் அதிர்ந்ததைப் பற்றி வானாய்வகத்தில் யார் கேட்பார்கள்? மின்சாரம் போனதன் விளைவைத்தான் கேட்டார்கள்.

இங்கே ஒரு கனமான தடை எழுப்பப்படும். அமெரிக்காவின் வட கரோலினாவில் பிரவுன் மலை என்று ஒன்று உண்டு. அங்கே தெரிந்த ஒளிகளைப் பற்றி 1913-இல் புவியியல் அளவைத் துறை ஆள் அனுப்பியது. வந்தவர் ரயில் எஞ்சின் விளக்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். 1916-இல் பெருவெள்ளம் இருப்புப் பாதையை அடித்துக்கொண்டு போக, ரயில் நின்றது, ஒளி நிற்கவில்லை. 1922-இல் ஜார்ஜ் மேன்ஸ்ஃபீல்ட் என்பவர் வரைபடமும் தொலைநோக்கியுமாக வந்து மலையில் இரவு இரவாக உட்கார்ந்து கணக்கெடுத்தார்: 47 சதவீதம் மோட்டார் கார், 33 சதவீதம் ரயில், 10 சதவீதம் ஊர்களின் நிலையான விளக்குகள், 10 சதவீதம் காட்டுத் தீ. இதில் மின்வெட்டு எங்கே என்று கேட்கலாம். கூட்டிப் பார்த்தால் நூறு வருகிறது, மர்மத்துக்கு ஒரு சதவீதம்கூட மிச்சம் வைக்காத மனிதர். ஆனால் அவர் எண்ண மறந்த ஒன்று உண்டு. இத்தனை விளக்குகளும் எரிந்தது பள்ளத்தாக்கில். பார்த்தவர்கள் நின்றது இருண்ட மேட்டில். மின்வெட்டு என்பதற்கு மின்சாரம் வந்து போயிருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வராமலே இருந்தாலும் அது மின்வெட்டுதான்.

இந்த விரிந்த இலக்கணத்தை ஏற்றால், மின்சாரம் கண்டுபிடிக்கப்படும் முன்பிருந்த காலம் முழுவதும் ஒரே நீண்ட மின்வெட்டு. அப்போது வானொளி இரவுதோறும் தெரிந்திருக்க வேண்டுமே என்பார்கள். நியாயமான கேள்வி. அந்தக் காலத்தார்க்கு வானம் பழக்கப்பட்ட இடம். விடிவெள்ளி முளைத்தால் ஏர் பூட்டினார்கள், கார்த்திகை மீன் எங்கே நிற்கிறது என்று பார்த்து நேரம் சொன்னார்கள். அவர்களுடைய விளங்காத ஒளி தரையில் இருந்தது: ஏரிக்கரையில், சுடுகாட்டோரம், வாயைத் திறந்தால் நெருப்பு வரும் கொள்ளிவாய்ப் பிசாசு. சதுப்பில் மக்கும் பொருள்களின் வாயு என்று பள்ளிக்கூடத்தில் அதற்கு விளக்கம் சொல்வார்கள். பிறகு ஏரிக்கரை வரை தெருவிளக்கு வந்தது, சுடுகாட்டுக்குச் சோடியம் விளக்கு போட்டார்கள், பிசாசு நிற்க இடமில்லாமல் போயிற்று. அதே சமயம் வானம் நமக்கு மறந்தும் போயிற்று. இருக்க இடம் தேடிய மர்மம், ஆளில்லாத மேல்மாடிக்குக் குடிபெயர்ந்ததில் வியப்பில்லை.

இரவெல்லாம் வானத்தையே பார்க்கும் காவலூர் வானாய்வகத்தார் ஏன் எதையும் புகார் செய்வதில்லை என்றும் கேட்பார்கள். ஜவ்வாது மலையில் அவர்களிடம் 1986 முதல் 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. தெரியாத ஒளி அங்கே தென்படாமல் இல்லை. தென்பட்டால் எண் போட்டுப் பெயர் வைத்துவிடுகிறார்கள். 1988-இல் அங்கே கண்டுபிடித்த சிறுகோள் இப்போது 4130 ராமானுஜன். தவிர, தொலைநோக்கிக்கு மின்சாரம் போனால் அவர்கள் ஜெனரேட்டரைத்தான் தேடுவார்கள். வாசலில் நின்று பெரியம்மாவிடம் கேட்கமாட்டார்கள். 2022 ஏப்ரல் 2 மாலை மகாராஷ்டிரத்தின் பல ஊர்களில் நெருப்புக் கோடுகள் வானைக் கடந்து, சந்திரபூர் மாவட்டத்தின் லாட்போரி கிராமத்தில் பெரிய உலோக வளையமே விழுந்ததை என்ன சொல்வீர்கள் என்போருக்கு: அது சீன ராக்கெட்டின் உடைந்த பாகம் என்று கணித்துச் சொல்லிவிட்டார்கள். விளக்கம் கிடைத்துவிட்ட ஒளி நம் ஆய்வின் எல்லைக்குள் வராது.

கடைசித் தடை மாதாந்திரப் பராமரிப்பு. காலை 9 மணியிலிருந்து மாலை 5 மணி வரை மின்தடை என்று முன்கூட்டியே அறிவித்துச் செய்யும் நாளில் வானில் மர்ம ஒளி தெரிந்ததாக ஒரு புகாரும் கிளம்புவதில்லை. ஆகவே கருதுகோள் தவறு என்பார்கள். அந்த நேரத்தில் வானில் ஒரு பெரிய ஒளி இருக்கவே செய்கிறது, அதன் பெயர் ஊரில் எல்லாருக்கும் தெரியும் என்பதே குறை. ஆகவே ஆண்டில் ஒரே ஒரு பராமரிப்பை, நிலவில்லாத கோடை இரவு எட்டு மணிக்கு, ஏதாவது ஓர் ஊர் ஃபீடரில் மட்டும் செய்து தருமாறு மின்வாரியத்தை வேண்டிக்கொள்கிறோம். செலவு எதுவும் இல்லை. லைன்மேன் மட்டும் அன்றைக்கு ஃபோனை அணைத்துவைத்துவிட்டு, கம்பத்தடியிலிருந்து சற்றுத் தள்ளி நிற்பது நல்லது.