புள்ளியும் புள்ளிமானும்

உயர்தர உயிரியலை விளையாடிப் படிக்கலாம் என்கிறீர்களே, பரீட்சையில் விளையாட்டுக்கா புள்ளி போடுவார்கள்?
– வாசகர், உப்புவெளி, திருகோணமலை

விளையாட்டுக்கு இல்லை, உங்களூர் பிரெட்ரிக் கோட்டையில் மேயும் புள்ளிமானுக்குப் போடுவார்கள்! விளையாட்டு இதுதான்: வகுப்பில் பாதிப்பேர் மான், மீதிப்பேர் புல், நீர், நிழல். ஒவ்வொரு சுற்றிலும் மான் இவற்றில் ஒன்றைத் தேடி ஓடும். தேடியது கிடைக்காத மான் மடிந்து புல்லாகும். பிடிபட்ட புல் அடுத்த சுற்றில் மானாகும். பத்துச் சுற்றுகளின் எண்ணிக்கையை வரைந்தால், குடித்தொகையின் ஏற்ற இறக்கம் தாளில் தெரியும். நேரம் வீணாகுமா? 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் அமெரிக்காவில் வெளியான கட்டுரையின்படி, விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் சித்தியடையாதோர் 33.8 சதவீதம்; செய்து கற்ற வகுப்புகளில் 21.8. அவை பல்கலைக்கழக வகுப்புகள்தான். ஆனால் உயர்தர மாணவர் அடுத்துப் போகுமிடமும் அதுதானே? ஆடியதை ஆசிரியர் விளக்காவிட்டால் மட்டும் அது வெறும் ஓட்டம். ஆசிரியர்களே, ஒரு பாடவேளை தாருங்கள்.