ஒரு டப்பா, இரு பெயர்: பழனிசெட்டிபட்டி வைஃபைப் பெயரியல்

தேனி எங்கே முடிகிறது, பழனிசெட்டிபட்டி எங்கே தொடங்குகிறது என்று கம்பம் பஸ்ஸில் போகிறவருக்குப் பிடிபடாது. அப்படி ஒட்டிக் கிடக்கும் எங்கள் பேரூராட்சியில், மொட்டை மாடியில் நின்று போனைத் திறந்தால் பதினான்கு வைஃபைப் பெயர்கள் தெரிகின்றன. சுற்றிலும் வீடுகளோ ஏழுதான். இந்த இரட்டிப்பே நம் ஆய்வுப் பொருள்.

வீட்டுக்கு வைஃபை டப்பா ஒன்றுதான். அது 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் பேசுவதால் இரண்டு பெயர். முன்னது சுவர் தாண்டிக் கொல்லைவரை போகும், ஆனால் மெதுவாக. போதாக்குறைக்கு அதில் ஒன்றோடொன்று உரசாத சானல்கள் 1, 6, 11 என மூன்றே. ஏழு வீடும் அதற்குள் முட்டிக்கொள்ள வேண்டும். பின்னதில் இடம் தாராளம், வேகமும் அதிகம். சுவரைக் கண்டால் மட்டும் சோர்ந்துவிடும்.

இனி இலக்கணம். கேபிள்காரத் தம்பி மாட்டிவிட்டுப் போன அன்று கம்பெனி எழுத்தும் நாலு எண்ணுமாக இருந்தது இடுகுறிப் பெயர். அப்பா அதை மாற்றிப் பேத்தி பெயரை வைத்தது காரணப் பெயர். அதன் வாலில் தொங்கும் ‘_5ஜி’யைப் பகுபத உறுப்பிலக்கணப்படி பிரித்தால், பேத்தி பகுதி, 5ஜி விகுதி, நடுவே தனக்கென்று பொருளின்றிப் படுத்திருக்கும் அடிக்கோடு சாரியை. சந்தி இல்லை. விகாரம் நிறைய.

விகாரம் முழுவதும் விகுதியில்தான். 2022 அக்டோபரில் செல்போன் 5ஜி வந்ததிலிருந்து வைஃபையின் 5ஜியும் அதுதான் என்று தெருவே நம்புகிறது. அங்கே ஜி என்றால் தலைமுறை, இங்கே கிகாஹெர்ட்ஸ். பலபொருள் ஒருமொழி என்று எடுத்துச் சொன்னால் யாரும் கேட்பதில்லை.

கள ஆய்வு: பின்கட்டில் அப்பத்தா, வீரபாண்டித் திருவிழா வீடியோ பார்க்கிறார். இடையில் இரண்டு சுவர். திரையில் வட்டம் சுற்றுகிறது. போனை வாங்கி 2.4க்கு மாற்றுகிறேன்.

“அஞ்சு பெருசாடா, ரெண்டரை பெருசா?”

“அஞ்சுதான் அப்பத்தா.”

“பெறகு எதுக்குப் பெருச விட்டுட்டுச் சின்னதுல கோத்துவிடுற?”

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. கேட்க அவருக்குப் பொறுமை இல்லை. தேர்ச்சட்டம் தெரியத் தொடங்கிவிட்டது.

எனவே தீர்ப்பு: இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. எந்த அலையில் ஏறுவது என்பதைப் போனே பார்த்துக்கொள்ளட்டும். சில போன்கள் போன அலையையே கட்டிக்கொண்டு அழும். அது அவற்றின் சுபாவம். வாசல் கேமரா, ஸ்மார்ட் பல்பு போன்றவற்றில் விலை மலிந்தவை 2.4 மட்டுமே அறிந்தவை. அவற்றை இணைக்கும் பத்து நிமிடம் 5ஐ அணைத்து வைத்தால் போதும்.

கடைசியாக ஒரு கண்டுபிடிப்பு. வைஃபைப் பெயருக்கு உச்ச வரம்பு 32 பைட். ஆங்கில எழுத்துக்கு ஒன்று. தமிழிலோ எழுத்து, கொம்பு, புள்ளி ஒவ்வொன்றுக்கும் மூன்று. பழனிசெட்டிபட்டிக்கு 45 ஆகிறது, கொள்ளாது. 30இல் வெட்டினால் ‘பழனிசெட்டி’ முழுசாக நிற்கிறார், பட்டிதான் பறிபோகிறது. ஆனால் நாங்கள் வாயால் சொல்வது ‘பி.சி.பட்டி’. தமிழில் எழுதினால் இரண்டு ஆங்கிலப் புள்ளியோடு 29 பைட். மிச்சம் மூன்று. அடிக்கோடு ஒன்று, ஐந்து ஒன்று, ஆங்கில ஜி ஒன்று: சரியாக 32. மேற்படித் தீர்ப்பை இந்த ஒரு பெயருக்காக மட்டும் தளர்த்திக்கொள்கிறேன்.