ஒட்டகம் வந்தது, முதலை வந்தது

வாத்தியார் வேலைக்கு இத்தனை கடவுச்சொல் தேவைப்படும் என்று யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. 2020 மார்ச்சில் கல்லூரிகளை மூடியதும், விருத்தாசலத்தில் வீட்டு மாடியில் உட்கார்ந்து வணிகவியல் நடத்தினேன். பாடக்குறிப்பு கூகுள் கிளாஸ்ரூமில், வகுப்பு ஜூமில், வருகைப்பதிவு கூகுள் ஃபார்மில். ‘சார், லிங்க் எங்க?’ என்ற கேள்வி மட்டும் வாட்ஸ்அப்பில். ஜூமின் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் தானாகத் துண்டித்துவிடும். மாணவர்கள் அந்தக் கம்பெனியை இன்றும் நன்றியோடு நினைக்கிறார்கள்.

கூட்டாகக் கற்பதுதான் எதிர்காலம் என்று ஒரு வெபினாரில் சொன்னார்கள். (கேட்டவர், தூங்கியவர் எல்லோருக்கும் மின்சான்றிதழ் உண்டு.) உடனே ஒரு கூகுள் டாக்கைத் திறந்து வகுப்புக்கு அனுப்பினேன். லாகின் செய்யாமல் நுழைகிறவர்களுக்கு அது ஏதாவது ஒரு விலங்கின் பெயரைச் சூட்டிவிடும். ஒரு ஒட்டகம் வந்து கேள்வியை அழித்தது. ஒரு வௌவால் மூன்று இடத்தில் ‘வணக்கம் சார்’ போட்டது. முதலை ஒன்று உட்கார்ந்து ஒழுங்காக விடை எழுத, மற்ற ஜீவராசிகள் அதை அப்படியே நகலெடுத்துக்கொண்டன. மதிப்பெண் பதிவேட்டில் முதலைக்கு வரிசை எண் கிடையாது.

கார்த்திகை நெருங்கிய சமயம். எங்கள் ஊர் செராமிக் தொழிற்பேட்டையில் அகல்விளக்கு ஆர்டர் மும்முரம். மாணவர்களில் பாதிப் பேர் அங்கே ஷெட்டில் வேலை பார்த்துக்கொண்டே வகுப்பில் இருந்தார்கள். அன்று ‘நார்மல் லாஸ்’ பாடம்: எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் உற்பத்தியில் வீணாகியே தீரும் பங்கு. “நூற்றுக்குப் பத்து என்று வைத்துக்கொள்வோம்” என்றேன். மியூட் செய்யாத ஒரு மைக்கிலிருந்து ஒரு அம்மாவின் குரல் வந்தது.

“யாரு சாரு வச்சது? களிமண்ணு சரியா காயலன்னா சூளையில பாதி வெடிச்சிரும். நல்லா காஞ்சிருந்தா ஒண்ணும் ஆவாது.”

பையன் பதறி மைக்கை அணைக்கப் பார்த்தான். நான் விடவில்லை. ஈரம், விறகு, கூலி, உடைந்ததை யார் தலையில் கட்டுவது என்று அந்த அம்மா விளக்க விளக்க, வகுப்பே நிமிர்ந்து கேட்டது. வௌவால்கூட ஒரு சந்தேகம் கேட்டது. பாடப்புத்தகத்தில் அந்த அத்தியாயம் நாலே பக்கம்.

2021 தொடக்கத்தில் அரசு, கல்லூரி மாணவர்களுக்குத் தினமும் 2 ஜிபி டேட்டா இலவசமாகக் கொடுத்தது. டேட்டா தீர்ந்தது, எதில் தீர்ந்தது என்று நான் விசாரிக்கவில்லை.

கல்லூரி நிர்வாகங்களுக்கு ஒரு விண்ணப்பம். எந்தத் தளத்தை வேண்டுமானாலும் வாங்குங்கள், ஒன்றோடு நிறுத்துங்கள். மாணவர்கள் மைக்கை மியூட் செய்தே வைத்திருக்க வேண்டும் என்ற விதியை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.