மாடாய்ப் பிறந்திருந்தால் தீனியாவது கிடைத்திருக்கும்

நகராட்சியிடமும் பேரூராட்சியிடமும் எந்தெந்த வேலைகளை ஒப்படைக்கலாம் என்று அரசியலமைப்பின் பன்னிரண்டாவது அட்டவணை 18 இனங்களைச் சொல்கிறது. 1993 முதல் நடப்பில் இருக்கிறது. சுடுகாடு, இடுகாடு உண்டு. இறப்புப் பதிவு உண்டு. பதினைந்தாவது இனம் மாட்டுப்பட்டியும் பிராணிவதைத் தடுப்பும். பட்டியில் அடைத்த மாட்டுக்குத் தீனியும் தண்ணீரும் கொடுக்க வேண்டும் என்று 1871-லேயே வெள்ளைக்காரன் சட்டம் எழுதிவிட்டான். ஆக, லால்பேட்டைப் பேரூராட்சியில் ஒருவன் மாட்டைக் கட்டையால் அடித்தால் அது ஊர் விவகாரம். அதே கட்டையால் பெற்றவளை அடித்தால் அவன் வீட்டு விவகாரம்.

“ஒன்பதாவது இனத்தில் நலிந்த பிரிவினர் நலன் இருக்கிறதே” என்பார் சட்டம் தெரிந்தவர். இருக்கிறது, ஐயா. அடிபட்ட கிழவி ஓர் இரவு படுக்க ஒரு கட்டில் வாங்க, அது எந்தக் கணக்குத் தலைப்பில் வருகிறது என்று சொல்லுங்கள்.

பேரூராட்சிக்குத் தெரியாமல் நடப்பதுமில்லை. அத்தாவிடம் தான செட்டில்மென்ட் எழுதி வாங்கிய மகன் அடுத்துப் போய் நிற்பது எங்கே? வீட்டு வரி ரசீதில் பெயர் மாற்ற, பேரூராட்சி அலுவலகத்தில். கட்டணம் வாங்குகிறார்கள், ரசீது போடுகிறார்கள். பெயர் போன மனுஷன் இப்போது திண்ணையிலா, தெருவிலா என்று கேட்க அந்தப் படிவத்தில் இடம் இல்லை.

2007-இன் பெற்றோர், மூத்த குடிமக்கள் சட்டம் இருக்கிறதே என்றால், அதுவும் இருக்கிறது. பெற்றோரைக் கைவிட்ட பிள்ளைக்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 பேர் தங்கும் முதியோர் இல்லம் பற்றியும் அதே சட்டம் பேசுகிறது. அரசு கட்டாமல் விட்டால் யாருக்கும் ஒரு நாள் சிறைகூட இல்லை. கைவிடுவதில் பிள்ளைக்கு ஒரு நீதி, அரசுக்கு ஒரு நீதி.

அந்தச் சட்டப்படி மனுவைச் சிதம்பரம் கோட்டாட்சியரிடம் கொடுக்க வேண்டும். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போனதிலிருந்து 90 நாளுக்குள் முடிக்க வேண்டும். தேவைப்பட்டால் இன்னும் 30 நாள். அந்த நோட்டீஸ் எந்த வீட்டுக்குப் போகும்? அடிபட்ட கிழவி படுத்திருக்கும் அதே வீட்டுக்குத்தான். வாங்கிப் பிரிப்பவன் அடித்தவன். அன்று ராத்திரி அவளுக்குச் சோறு யார் போடுவார்கள்? 14567-க்கு போன் செய்யலாமாம். போன் பேரன் கையில்.

முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். அதில் மத்திய அரசின் பங்கு, 80 வயது ஆகாதவருக்கு 200. டெல்லியின் தாராளத்தில் ஒரு நாளைக்கு ஒரு டீகூடக் குடிக்க முடியாது. ஊரை ஒட்டிய வீராணம் ஏரித் தண்ணீர் 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் சென்னைக்குப் போகிறது. திரும்பி வர நிதிக்குத்தான் குழாய் போடவில்லை. ஜூன் 15 வந்தால் மட்டும் அரசு அலுவலகங்களில் வரிசையாக நின்று முதியோர் கொடுமைக்கு எதிராக உறுதிமொழி எடுக்கிறார்கள். கையை நீட்டச் செலவில்லை.

பேரூராட்சியிடம் கேட்பது பெரிதில்லை. அடிபட்டு வரும் முதியவர்கள் படுக்க இரண்டு கட்டில், பொறுப்புக்கு ஒரு பெண் பணியாளர், சிதம்பரம் போய்வர வண்டிச் சத்தம், மனு எழுத ஓர் ஆள். பேரூராட்சி மன்றத்தில் தீர்மானமாகக் கொண்டுவரட்டும். நிதி இல்லை என்று தள்ளுவதானால் தாராளமாகத் தள்ளலாம். ஆனால் தள்ளக் கை தூக்கியவர்களின் பெயரை நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதும்போது, பக்கத்தில் அவரவர் வயதையும் எழுதி வைக்க வேண்டும்.