முன்னுக்கு ஐந்து, பின்னுக்கு நாலு

மருமகன் ஏழு இலக்கத்தில் ஓர் எண்ணைச் சொன்னான். செசி நம்பர் என்று நினைத்துத் துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டேன். விலையாம்.

1998ஆம் ஆண்டு ஹொண்டா சிவிக் டைப் ஆர். கண்டி மஹய்யாவையில் ஒரு பையன் விற்கிறான். "ஜப்பான்ல இருந்து வந்தபடியே இருக்காம் மாமா. ஒரு ஆணிகூட மாத்தலையாம்." மருமகனுக்கு வயது இருபத்தைந்து. முறைப்படி பார்த்தால் அந்தக் கார் அவனுக்கு அக்கா.

இவ்வளவு விலையா என்று கேட்கக்கூடாது. டொலர் இல்லையென்று 2020 மார்ச்சில் இலங்கை அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவைத் திறந்தார்கள். திறந்த கதவிலும் வரி வந்து நந்தி மாதிரி குறுக்கே படுத்துக்கொண்டது. இடைப்பட்ட ஐந்து வருடத்தில் பழைய கார்களெல்லாம் ஊறுகாய்போல வைக்க வைக்க விலையேறின. அதே 2025 ஜனவரியில் 'க்ளீன் ஸ்ரீலங்கா' என்ற அரசாங்கத் திட்டத்துக்காகப் பொலிஸார் வீதியில் இறங்கி, பஸ்களிலும் த்ரீவீல்களிலும் கூடுதலாகப் பூட்டியிருந்ததையெல்லாம் கழற்றச் சொன்னார்கள். அன்றிலிருந்து இந்த நாட்டில் விற்பனைக்கு வருகிற கார் எல்லாமே ஒரிஜினல்தான்.

துணைக்கு என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம், நானும் ஒருகாலத்தில் கார் வைத்திருந்தவன். வைத்திருந்தேன், அவ்வளவுதான். பொனட்டைத் திறந்து பார்த்ததில்லை.

மாத்தளையிலிருந்து பஸ்ஸில் வரும்போதே பாடம் தொடங்கிவிட்டது. டைப் ஆர் சிவிக்கின் செசி நம்பர் 'ஈ.கே.9' என்றுதான் தொடங்க வேண்டும், பின்னால் ஏழு இலக்கம். அதே உருவத்தில், அதே தலைமுறையில் 'ஈ.கே.4' என்று ஒன்று உண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். இரண்டுக்கும் 1595 சீ.சீ. என்ஜின். ஆனால் ஈ.கே.4க்கு 170 குதிரைவலு, ஈ.கே.9க்கு 185, அதுவும் நிமிடத்துக்கு 8200 சுற்றில். டர்போ இல்லாமல் இதை எடுத்தார்கள் என்று சொல்லும்போது அவன் குரல் லேசாகத் தழுதழுத்தது. அவன் அப்பா அறுவைச் சிகிச்சைக்குப் போனபோது இந்தக் குரல் வரவில்லை. நுவரெலியாவில் 1934இல் தொடங்கிய மஹகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்தில் ஒருநாள் இந்தக் காரை ஓட்டுவானாம். இப்போதைக்குப் பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுத்திருந்தான்.

"சிவப்பு ஹொண்டா முத்திரை இருந்தா டைப் ஆர்தானே?" என்றேன்.

"அது பஞ்சிகாவத்தையில கிடைக்கும் மாமா."

கொழும்புப் பஞ்சிகாவத்தையில் கிடைக்காத சாமான் எது? சிவப்பு முத்திரை, சிவப்பு ரெக்காரோ சீட், மோமோ ஸ்டீயரிங், எல்லாம் அங்கே வாங்கிப் பூட்டலாம். கடன் கிடைத்தால் என்னையும் டைப் ஆர் ஆக்கிவிடுவார்கள்.

மஹய்யாவை மேட்டில், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளுக்கு நடுவே வெள்ளைக் கார் நின்றது. உரிமையாளப் பையன் மரியாதையானவன். "வாங்க அங்கிள், பாருங்க. எல்லாம் பெக்டரியில வந்தது." டெஷ்போர்டில் பிள்ளையார் இருந்தார், ஸ்டீயரிங்கில் பௌத்தப் பிரித் நூல் இருந்தது. கண்டிப் பக்கத்துக் கார்களில் இது சாதாரணம். எந்தச் சாமி பிரேக் பிடிக்கும் என்று யாருக்குத் தெரியும்?

மருமகன் பையிலிருந்து கதிர்காம முருகனை எடுத்தான். என் அக்கா வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தம். தகரம் இருக்கும் இடத்தில் ஒட்டும், டிங்கர் வேலை செய்து பட்டி பூசிய இடத்தில் வழுக்கும். முன்கதவில் முருகன் உறுதியாக நின்றான். பின் மட்கார்டில் வைத்ததும் வேலோடும் மயிலோடும் சறுக்கி என் செருப்பில் விழுந்தான்.

"அது சும்மா ஒரு கீறல் அங்கிள்" என்றான் பையன்.

நான் பிள்ளையாரைத் தொட்டுக் கும்பிடப் போனேன். "ஐயோ, அவரை அசைக்காதீங்க!" என்று பாய்ந்தான். அதற்குள் அசைத்துவிட்டேன். அடியில் வட்டமாக மூன்று ஓட்டைகள். ஒயில் சூடு, ஒயில் அழுத்தம், தண்ணீர்ச் சூடு பார்க்க யாரோ மூன்று மீட்டர் பூட்டிக் கழற்றிய இடம். அண்ணன் உட்கார்ந்து மறைப்பதும் தம்பி விழுந்து காட்டிக்கொடுப்பதும் அந்தக் குடும்பத்தில் புதிதல்ல.

பிறகு சக்கரம். ஈ.கே.9 என்றால் ஒரு சக்கரத்துக்கு ஐந்து நட். ஈ.கே.4க்கு நாலு. மருமகன் முன்சக்கரத்தில் குனிந்து எண்ணினான்: ஐந்து. முகம் மலர்ந்தது. பின்னால் போனான். வெகுநேரம் எழும்பவில்லை. மறுபடி முன்னால் வந்து எண்ணினான்.

"மாமா, முன்னுக்கு அஞ்சு. பின்னுக்கு நாலு."

இரண்டு சோடி ரிம்முக்கும் ஒரே கறுப்பு அடித்திருந்ததால் என் கண்ணுக்குப் பிடிபடவில்லை. பையன் அசரவில்லை. "என்ஜின் முன்னுக்குத்தானே இருக்கு அங்கிள். பாரம் கூட. அதான் அஞ்சு." இத்தனை வருட வாழ்வில் இவ்வளவு நேர்த்தியான பொய்யை நான் கேட்டதில்லை. வாங்காவிட்டாலும் கையைக் குலுக்கத் தோன்றியது.

பொனட்டைத் திறந்தால் தகட்டில் ஈ.கே.4 என்றே இருந்தது. பதிவுச் சான்றிதழான சீ.ஆரில் உள்ள என்ஜின் நம்பர் வேறு, என்ஜினில் உள்ள நம்பர் வேறு. ஆக, அது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் இன்னும் அறியாத என்ஜின். சீ.ஆரில் இருந்த பெயரும் பையனுடையதல்ல. ஓப்பன் பேப்பராம், கையெழுத்து வைத்த உரிமை மாற்றப் படிவம் மட்டும் இருக்கிறதாம்.

ஆனாலும் வந்ததற்கு ஓட்டிப் பார்த்தோம். இந்த வகை என்ஜினில் வால்வுகளைத் திறக்க இரண்டு விதமான கேம் உண்டு. சாவகாசமாகப் போகச் சாதுவான ஒன்று. சுற்று ஐயாயிரத்தைத் தாண்டினால் ஒயில் அழுத்தத்தில் ஊசி பூட்டிக்கொண்டு மூர்க்கமான இன்னொன்று. வீடெக் என்பது அதுதான். அது விழித்துக்கொள்ளும் கணத்துக்காக மருமகன் காத்திருந்தான். நாங்கள் இறங்கியதோ கட்டுகஸ்தோட்டை வீதி, பள்ளிக்கூடம் விடும் நேரம். முக்கால் மணிநேரத்தில் ஆயிரத்தைந்நூறு சுற்றுக்கு மேல் போகவில்லை. இருந்த குதிரைகளெல்லாம் ஒரு தண்ணீர் பௌசருக்குப் பின்னால் வரிசையில் நின்றன. சத்தம் மட்டும் குறைவில்லை. பஸ் ஹோல்ட்டில் நின்ற பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"சைலன்சர் ஒரிஜினலா தம்பி?"

"ஓம் அங்கிள். அந்தக் காலத்து ஹொண்டா இப்படித்தான்."

திரும்பி வந்து நிறுத்தியபோது பக்கத்து வீட்டுப் பாட்டி கதவடியில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். கார் வாங்க வருகிறவர்கள் காந்தம் கொண்டுவரத் தேவையில்லை, சுவரோடு சுவர் ஒட்டி வாழ்கிற ஒரு பாட்டி போதும்.

"விக்கப் போறாங்களா? நல்லது. வருசத்துல ஒரு நாள்தான் இது சத்தமில்லாம போகும்."

"எந்த நாள் பாட்டி?"

"புகை செக் பண்ணுற அன்னிக்கு. மொத நாள் ராத்திரி வந்து பழைய கொழாயை எடுத்துப் பூட்டுவாங்க. மறுநாள் திரும்பக் கழட்டிருவாங்க."

பழைய குழாய் எங்கே இருக்கிறது என்று மருமகன் கேட்டான். பாட்டி உலக்கையால் கொல்லைப்பக்கம் காட்டினார். கோழிக்கூட்டின் ஒரு கால் உளுத்துப்போயிருந்தது. அதற்குப் பதிலாக, துருவேறி, கோழி எச்சம் படிந்து, கூட்டைத் தாங்கியபடி நின்றது சைலன்சர்.

மருமகன் மண்டியிட்டான். விரலால் துருவைத் துடைத்து, அதில் அச்சடித்திருந்த எழுத்தைப் படித்தான்.

"இது ஒரிஜினல், மாமா."

"தூக்கிட்டுப் போயிறாதீங்க தம்பி" என்றார் பாட்டி. "அடையில கோழி இருக்கு."